தகுந்த இடம்

பொறுப்புணர்ச்சிக்கென்று தனி அறை ஒதுக்கி, அதில் ஏசி மாட்டி, கதவில் பித்தளைப் பலகையும் அடித்த பெருமை அந்தச் சோப்புத்தூள் கம்பெனியைத்தான் சேரும். பலகையில் 'பொறுப்பு மேலாளர்' என்ற பதவியும் அதை வகித்தவரின் பெயரும் பளபளத்தன.

மேலாளர் வீட்டில் மட்டும் அந்தப் பளபளப்பு எடுபடவில்லை. கம்பெனியின் குட்டிப் பாக்கெட்டுகள் தெருச் சாக்கடையை அடைத்து, போன மழையில் படுக்கையறை வரை தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சு, நானும் பொண்ணும் அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். நீங்க உங்க ஏசி ரூம்லயே இருந்துக்கோங்க," என்றாள் மனைவி.

மனிதர் ஆடிப்போனார். அக்கா வீட்டுக்குப் போனால் அவள் லேசில் திரும்ப மாட்டாள் என்பது அவருடைய அனுபவம்.

மறுநாள் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், குட்டிப் பாக்கெட்டை நிறுத்திட்டு, கடையில டப்பா வெச்சு அளந்து கொடுத்தா..." என்று ஆரம்பித்தார்.

"அருமை!" என்றார் முதலாளி. எந்த யோசனையையும் பாராட்டுவார். முழுதாகக் கேட்கும் பழக்கம் மட்டும் கிடையாது. "ஆனா தப்பு பாக்கெட் மேல இல்ல, அதைத் தூக்கிப் போடற ஜனங்க மேல. 'காலி உறையைத் தகுந்த இடத்தில் சேர்க்கவும்'னு அச்சடிச்சுடுவோம்."

"பாக்கெட் கட்டைவிரல் அளவுதான் சார். எழுத இடமில்ல," என்றார் பேக்கிங் சூப்பர்வைசர்.

முதலாளி கண்ணை மூடி யோசித்தார். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப அதை ஒரு பெரிய பாக்கெட்டுக்குள்ள போடுங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெரிய பாக்கெட்டில் வேண்டுகோள். வேண்டுகோளுக்குக் கீழே மேலாளரின் கையெழுத்து. போடும்போது அவருக்கு அக்கா வீடு நினைவுக்கு வந்தது. ஆனாலும் போட்டுவிட்டார்.

மழை வந்தது. சாக்கடை இப்போது இருமடங்கு பொறுப்போடு அடைத்துக்கொண்டது. தண்ணீர் கட்டிலைத் தொட்டது. மிதந்து வந்த பாக்கெட் ஒன்றை எடுத்து, கணவரின் கையெழுத்துவரை நிதானமாகப் படித்தாள் மனைவி. பிறகு ஒரு சாக்கை எடுத்து, மிதந்த பாக்கெட்டுகளை அதில் அள்ளிப் போட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

வேண்டுகோளின் 'வெற்றி'யைக் கொண்டாட முதலாளி கூட்டிய கூட்டத்துக்கு அவள் ஈர மூட்டையோடு வந்தாள். வாட்ச்மேன் ஓடி வருவதற்குள் மேஜைமேல் கவிழ்த்துவிட்டாள்.

"சேர்த்துட்டேன்," என்றாள். "இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியல."

முதலாளி நாற்காலியோடு பின்வாங்கினார். "யாருய்யா இந்தம்மா? யார் வீட்டுக் குப்பை இது?"

எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். மனைவி மட்டும் பார்க்கவில்லை. அதுதான் அவரை எழுந்து நிற்க வைத்தது.

"என் சம்சாரம் சார். குப்பை நம்மளோடது."

அப்போதுதான் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனி வரலாற்றில் அப்படிச் சொன்ன முதல் அதிகாரி அவர்தான். நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. மாலைக்குள் 'தூய்மைப் பணி'யை முடித்துவிட்டது. குப்பையைப் பின்பக்கச் சாக்கடையில் தள்ளினார்கள். கதவிலிருந்த பெயர்ப்பலகையை மட்டும், வேண்டுகோளின்படி, குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.