ஐம்பத்திரண்டு வெள்ளைக் கட்டைகள்

பாசத்திலும் கோபத்திலும் குறை வைக்காத அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், என் வீட்டுக்காரி சௌக்கியம், உன் பியானோவும் சௌக்கியம். கேட்பதற்கு முன்பே பியானோவைப் பற்றிச் சொல்கிறானே என்று இந்நேரம் உனக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். போனில் சொன்னால் பாதியிலேயே ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

உன் வீட்டை இடித்துக் கட்டி முடிக்கும்வரை பியானோ எங்கள் ஹாலில் இருக்கட்டும் என்று இறக்கினாயே, அன்றைக்கு நீ போட்டது ஒரே நிபந்தனை. இதிலே மட்டும் எதையும் எழுதி வைக்காதே என்றாய். மருந்துக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் பெட்டிக்கு நம்பர் போட்டே ஓய்வு பெற்றவனிடம் சொல்கிற பேச்சா அது? இருந்தாலும் நாலு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு வண்டியோடு வருகிறேன் என்று நீ சொன்னதும் கட்டிய கையை அவிழ்த்துவிட்டேன். சாமான் ஏற்றுகிறவர்களை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வழியில் குலுங்கி நாலு கட்டை கழன்று விழுந்தால் எது எங்கே போகணும்னு யார் சொல்லுவா? உன் நன்மைக்காகத்தான், வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றிலும், ஓரமாக, அடக்கமாக, ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை நம்பர் போட்டேன். பர்மனென்ட் மார்க்கரில்தான். வேறு பேனாவை நான் மதிப்பதில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, உங்க அக்கா வர எட்டு நாள்தான் இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் அதையெல்லாம் அழிக்க நான் பட்ட பாடு இருக்கே. ஈரத்துணிக்கு ஒன்றும் அசையவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டேன், அது இடுக்கில் இறங்கி, பதினேழாம் கட்டை அமுங்கினது அமுங்கினதுதான், எழுந்திருக்கவே இல்லை. தலை உலர்த்துகிற மெஷினை வைத்து ஒரு மணி நேரம் ஊதி எழுப்பினேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், பல்லும் கட்டையும் ஒண்ணுதான் சார், பேஸ்ட் போட்டுத் தேயுங்க என்றார். நம்பர் போகவில்லை, ஹால் முழுக்கப் புதினா வாசனைதான் வந்தது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியை மூன்றாம் கட்டையில் தடவினேன், நம்பரோடு பளபளப்பும் போய்விட்டது. நீ வாசிக்கும்போது அவ்வளவு இடது பக்கம் போகமாட்டாய் என்று நம்புகிறேன். கடைசியில் ஊசி போடுமுன் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட், பஞ்சில் நனைத்து ஒரு இழுப்பு, நம்பர் போன இடம் தெரியலை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்கிறாள் இவள். முதலிலேயே தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டேனா?

இன்னொரு உபகாரமும் செய்திருக்கிறேன். நடுவாக்கில் ஒரு கட்டையில் மிளகு அளவுக்கு ஒரு பழைய நீலப் பொட்டு. நான் வைத்ததில்லை, எந்தப் புண்ணியவான் வேலையோ. ஐம்பத்திரண்டு நம்பரும் சேர்ந்து கொடுக்காத தொந்தரவு அது ஒன்று கொடுத்தது. ஸ்பிரிட், பேஸ்ட், கட்டைவிரல் நகம் என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டி எடுத்துவிட்டேன். என் அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுகிற ஆள் நானில்லை.

ஆகவே தைரியமாக வா. பியானோ, கடையிலிருந்து வந்த அன்று போல இருக்கிறது. மூட்டுவலி மாத்திரையை மறக்காதே. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். இந்தத் தம்பிமேல் வழக்கம்போல் அரை நம்பிக்கையாவது வைத்திரு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது நீ போன் பண்ணினாய். "நடுவுல ஒரு நீலப் பொட்டு இருக்கும்டா, அதைத் தேய்ச்சு கீய்ச்சுத் தொலைச்சிடாதே. நான் கத்துக்க ஆரம்பிச்ச அன்னிக்கு அவர் வெச்சது. அது இருந்தாத்தான் எனக்குக் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியும்" என்றாய். சரிக்கா என்றேன். அத்தான் போய் மூணு வருஷம் ஆச்சு, அவர் வெச்சதை இந்தக் கையாலேயே சுரண்டி எடுத்துட்டேன். போனை வெச்சுட்டு அழுதுட்டேன்க்கா. எந்தக் கட்டைன்னும் ஞாபகம் இல்லை. நம்பரை அழிக்காம விட்டிருந்தா சொல்லியிருப்பேன். அதனால நடுவுல ஏழு கட்டைக்கு வரிசையா பொட்டு வெச்சிருக்கேன், அதே நீலம், அதே மிளகு அளவு, நம்பர் போட்ட அதே மார்க்கர். ஞாயித்துக்கிழமை வந்ததும் எதையும் பார்க்காம உட்கார்ந்து வாசி. உன் கட்டைவிரல் எதுல போய் நிக்குதோ அதை விட்டுட்டு, மத்த ஆறையும் நான் துடைச்சுத் தர்றேன். ஸ்பிரிட் மீதி இருக்கு.