செவ்வாய்க்கு இட்லி மாவு கொண்டுபோன மாஸ்டர்

பிள்ளைகளே, நம்ம திண்டுக்கல்லில் செவ்வாய்க் கிரகத்துக்கு வழி தெரிந்த மனுஷர் ஒரே ஒருவர்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் அவர் சரக்கு மாஸ்டர். வடை, போண்டா, அல்வா எல்லாம் அவர் கைப்பாகம். ஊர் அவருக்கு வைத்த பெயர் ராக்கெட் மாஸ்டர். நான் வாங்கி வருகிற வாரப் பத்திரிகையை முதலில் யார் படிப்பது என்று நீங்கள் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாக்காரர் ஒருவர் முதன்முதலாக ஆகாசத்தைச் சுற்றி வந்த சமயம் அது. நான் புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகவில்லை. மாஸ்டரும் நானும் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. அவருக்கும் குடும்பம் கிடையாது. காம்பவுண்டு முழுவதற்கும் ஒரே ஒரு வாரப் பத்திரிகைதான் வரும். வீடு வீடாகச் சுற்றி, கடைசியில் காது மடங்கி, எண்ணெய்க் கறையோடு நிற்கும்.

அதில் ஒருவர் விஞ்ஞானத் தொடர்கதை எழுதினார். மாஸ்டர் அவர் பெயரைச் சொல்லமாட்டார், சொந்தக்காரரைப் போல ‘நம்மாளு’ என்றுதான் சொல்வார். செவ்வாய்க்கு ஒரு கப்பல் போகிறது. அதில் விஞ்ஞானிகளோடு ஒரு சமையல்காரனும் போகிறான். இது போதாதா?

“ஏலே அப்பு, கதையில ராசாவ வச்சாக, கலெக்டர வச்சாக. சரக்கு மாஸ்டர ஆகாசத்துக்கு அனுப்புனது யாரு? நம்மாளுதேன்” என்பார். கேட்டுக்கொண்டிருக்கிறவன் இலையில் வடை கருகிப்போய் விழும். ரஷ்யாக்காரர் மேலே போன செய்தி வந்த அன்று ஹோட்டலில் வந்தவருக்கெல்லாம் கேசரி கொடுத்தார். “நம்மாளு எழுதுனதப் பாத்துத்தேன் அவன் தைரியமா அனுப்பிச்சிருக்கான்.” முதலாளி இடையில் வந்து கேசரிச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். காம்பவுண்டில் அந்தப் பழக்கம் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் மாஸ்டர். இன்னொருவர் கான்வெண்டில் பாடம் நடத்திய ஞானம் டீச்சர். டீச்சருக்குக் குடும்பக் கதை. மாமியார், நாத்தனார், கண்ணீர். பத்திரிகைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, செவ்வாய்க் கதை முடிகிற தாளின் பின்பக்கத்தில் குடும்பக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் கிழித்தால் டீச்சர் கதைக்குத் தலை இருக்காது, டீச்சர் கிழித்தால் மாஸ்டர் கதைக்கு வால் இருக்காது.

“டீச்சரம்மா, அந்தத் தாள் எனக்கு வேணும். அதுல கப்பல் இறங்குது” என்பார் மாஸ்டர்.

“இறங்கட்டும். இந்தப் பக்கம் வளைகாப்பு நடக்குது. அதை நான் யாருகிட்டப் போயிக் கேக்க?” என்பார் டீச்சர்.

டீச்சர் போகிற சர்ச்சின் பாதிரியார் வரைக்கும் பஞ்சாயத்து போயிற்று. ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் இவருக்கு என்று தீர்ப்பானது. மாஸ்டர் தைத்த புத்தகத்தில் கப்பல் கிளம்பும், இறங்காது. டீச்சர் புத்தகத்தில் மாமியார் வாயைத் திறந்ததும் மணல் புயல் அடிக்கும்.

பத்திரிகையில் வாசகர் கடிதம் வருமே, மாஸ்டர் அதை முதலில் படிப்பார். யாராவது நம்மாளைப் பாராட்டினால் அன்றைக்கு அல்வாவில் நெய் கூடும். திட்டினால் சட்னியில் உறைப்பு கூடும். ஒரு தடவை யாரோ ஒருவர், ‘சமையல்காரன் செவ்வாயில் இட்லி சுடுகிறானாம். அந்தக் குளிரில் மாவு புளிக்குமா? எழுத்தாளர் எந்த லோகத்தில் இருக்கிறார்?’ என்று எழுதிவிட்டார். மாஸ்டர் சாப்பிடவில்லை.

“அவன் கேக்குறதுல ஞாயம் இருக்குப்பா. குளுருல மாவு புளிக்காதுதேன். ஆனா நம்மாளு தெரியாம எழுதுவாரா? அந்தச் சமையக்காரன் கம்பளி சுத்தி வச்சிருப்பான்.”

இதை நிரூபிக்க அவருக்குத் தெரிந்த குளிர் ஊர் கொடைக்கானல். மறுநாள் காலையில் மாவை ஆட்டி, தூக்குச்சட்டி நிறைய ஊற்றி, கம்பளியைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். செம்பட்டியில் டயர் வெடித்தது. உச்சி வெயில். வேறு சக்கரம் வரும்வரை மாஸ்டர் கம்பளியோடு சட்டியைக் கட்டிப்பிடித்தபடி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போது மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, பக்கத்துச் சீட்டுப் பூ வியாபாரியின் வேட்டியில் இறங்கிவிட்டது. கண்டக்டர் சட்டியோடு அவரையும் இறக்கிவிட்டார்.

“என்ன மாஸ்டர், புளிச்சுச்சா?” என்று திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

“மலை ஏறுறதுக்கு முன்னாடியே புளிச்சிருச்சுப்பா. திண்டுக்கல்லுலயே ஆட்டிருக்கக் கூடாது. அங்கிட்டுப் போயி ஆட்டணும். உரலத் தூக்கிட்டுப் போகவா முடியும்?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷ முடிவில்தான் மாஸ்டருக்குக் கண் போக ஆரம்பித்தது. அடுப்புப் புகை என்று சிலர் சொன்னார்கள். டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். ஹோட்டலில் எண்ணெய்ச் சட்டிப் பக்கத்திலிருந்து அவரை எழுப்பி, வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார்கள். அவரும் உரித்தார். பத்திரிகை வந்த அன்றுதான் தாளை மூக்குக்கு ஒட்டிப் பிடித்து, விளக்குப் பக்கம் திருப்பி, வெயில் பக்கம் திருப்பி, கடைசியில் என்னிடம் நீட்டினார்.

கதையும் அப்போது மோசமான இடத்தில் நின்றது. கப்பல் பூமிக்குத் திரும்புகிறது, ஒரு ஆளுக்கு இடமில்லை. சமையல்காரன், “நான் இருந்துக்கிறேன், நீங்கள் போங்கள்” என்கிறான். கூட்டிப்போக வருவதாகச் சொல்லிவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். அவன் மட்டும் அங்கே. மாஸ்டருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அவனைக் கூட்டிப்போக வந்தார்களா?

நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். “அப்பு, நீ வாசிச்சா கப்பல் செம்பட்டியிலயே நின்னுரும்” என்று எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கதவைத் திறந்த டீச்சர் அவர் கையையும் பத்திரிகையையும் பார்த்தார்.

“வாங்க, உக்காருங்க. உங்காளு என்னதான் எழுதியிருக்காருன்னு பாப்போம்” என்றார்.

அதன்பிறகு வாராவாரம் டீச்சர்தான் வாசிப்பு. கப்பல் பெயர்களை பிஷப் அனுப்புகிற மறை மாவட்டச் சுற்றறிக்கை மாதிரி வாசிப்பார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

ஒரு வாரம் டீச்சர் பக்கத்தைப் பிரித்தார். வாசிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கதை இல்லை. வாசகர்கள் விருப்பத்தை முன்னிட்டு அந்தத் தொடர் நிறுத்தப்படுகிறது என்று ஆசிரியர் குழு எழுதிய சின்னக் குறிப்பு மட்டும் இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

“தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பூமியிலிருந்து கப்பல் வந்தது. கதவு திறந்தது. முதலில் இறங்கியது அவனுடைய அம்மா. பின்னால் அத்தை மகள், கையில் தாம்பாளத்தோடு...”

மாஸ்டர் அசையாமல் கேட்டார். தாம்பாளத்தில் பூவும் மஞ்சளும் வந்தன. அத்தை மகள் அழுதாள். அம்மா மன்னிப்புக் கேட்டாள், எதற்கென்று தெரியவில்லை.

“டீச்சரம்மா, நிப்பாட்டிட்டாகளா?” என்றார் மாஸ்டர்.

டீச்சர் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டார்.

“நம்மாளு கதையில அத்தை மகளே கிடையாதும்மா.”

“ஆமாங்கய்யா. நிப்பாட்டிட்டாங்க.”

தெருவில் ஒரு மாட்டுவண்டி போய் முடிந்தது.

“நம்மாளு என்ன செய்வாருன்னு தெரியல. அவருக்கு யாரு இருக்காகளோ” என்றார் மாஸ்டர். பிறகு, “செத்த நேரம் வாசிங்கம்மா. நீங்க சொன்னதும் நல்லாத்தேன் இருக்கு. அவன் சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான்” என்றார் டீச்சர்.

“யாரு சமைச்சா?”

“அவங்க அம்மா. சோறு, வெஞ்சனம் எல்லாம் கட்டிக் கொண்டுவந்திருந்தாங்க. அவனை அடுப்புப் பக்கமே விடல.”

“அப்பச் சரி” என்றார் மாஸ்டர்.

மறுவருஷம் ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், உப்பு குறைவு என்றார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஹோட்டல்காரர்களும் காம்பவுண்டுக்காரர்களும்தான் தூக்கிப்போனோம்.

அடுத்த வாரம் கிட்டங்கி வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தேன். புத்தகக் கடையில் தொங்கிய பத்திரிகைகளை ஒவ்வொன்றாக வாங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பொருளடக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மாஸ்டரின் நம்மாளு வேறு எங்காவது எழுதுகிறாரா? அவர் பெயர் எதிலும் இல்லை. மதுரை வண்டி வந்து போயிற்று. ஒருவேளை விட்டுவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.