எடுபிடிக்கு ஒரு பொன்னாடை

அபூசாலியின் வலது தோள் காலையிலேயே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. நெல்லாலையில் மூடை சுமக்கிறவனுக்குத் தோள்வலி புதிதல்ல. ஆனால் இன்று கை காதுக்கு மேலே எழும்பவேயில்லை. கூடச் சுமக்கும் சாமித்தம்பி மூடையைத் தூக்கி முதுகில் ஏற்றிவிட, முனகிக்கொண்டே நடந்தவன் ஆலைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கண்டு மூடையோடு நின்றுவிட்டான்.

'எக்காலத்துக்கும் தலைசிறந்த கூடைப்பந்து வீரர் ஜெமீல் அவர்களுக்குப் பொன்னாடை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், கழக மைதானத்தில். மற்றும் பலர் கலந்துகொள்வர்.'

"சாமி, என்ட பேர் எங்க கிடக்கு?"

"'மற்றும் பலர்' எண்டதுக்குள்ள தேடிப் பாரு," என்றான் சாமித்தம்பி.

எழுபத்தைந்தில் கல்முனைக்குக் கோப்பை கொண்டுவந்த அணி ஜெமீலுடையது. ஜெமீல் கூடைக்குள் போட்டான். போடுவதற்கு அவன் கையில் பந்தை, ஊர் வாயில் 'போல்', சேர்த்தது அபூசாலி. ஊர் போட்டவனை நினைவில் வைத்தது. சேர்த்தவனுக்கு 'ஜெமீல்ட எடுபிடி' என்ற பட்டம் மிஞ்சியது. ஆறு வருடம் கழிந்து இப்போது, எண்பத்தொன்றிலும், அது தேயவில்லை. அபூசாலி வாழ்வது மனைவி ஹாஜறாவின் வீட்டில். சாப்பாட்டு நேரத்தில் ஹாஜறாவின் தம்பி, "எடுபிடி மச்சான், அந்தத் தண்ணிய எடுங்க," என்பான். ஹாஜறா சிரிப்பை முந்தானையில் மறைப்பாள். ஒரே ஒரு நாள், ஊர் முன்னால், மைக்கில், தன்னையும் வீரன் என்று சொல்லக் கேட்கவேண்டும். அபூசாலி இந்த உலகத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

"இத விடப்படாது," என்று சாமித்தம்பியின் சைக்கிள் கரியரில் ஏறினான். தோள்வலியோடு ஹாண்டில் பிடிக்க ஏலாது.

எதிர்க்காற்றில் சாமித்தம்பி எழும்பி நின்று மிதித்தான். பின்னால் அபூசாலி கதைத்துக்கொண்டே வந்தான்.

"நானும் ஜெமீலும்தான் டீம். மத்தவனுகள் சும்மா ஓடித் திரிஞ்சவனுகள்."

சாமித்தம்பி பெடலை இன்னும் அழுத்தினான். மூச்சு வாங்கியது.

ஊரே 'காக்கா' என்று அண்ணனாக அழைக்கும் விளையாட்டுக் கழகத் தலைவர் மீராசாஹிபு, தன் புடவைக்கடையில் இருந்து அபூசாலியின் கோரிக்கையைக் கேட்டார்.

"எறிஞ்சு குடுத்தவனெல்லாம் பெரிய வீரன் எண்டா, கூடைக்குத் தூண் நட்ட மேசனுக்கும் பொன்னாடை போடணும் தம்பி."

"தூண் ஓடுமா காக்கா? நான் ஓடிக் குடுத்தன். நான் குடுக்காட்டி ஜெமீல் என்னத்தப் போடுற? மாங்காயையா?"

மீராசாஹிபு தாடியைத் தடவினார். "ஞாயம்தான். ஆனா உனக்கு நானாப் போட்டா, மத்தக் குடிக்காரனுகள் என்னத் திம்பானுகள். உன்ட மரைக்காரக் கொண்டு கேளு."

அந்தப் பக்கத்தில் குடி என்பது தாய்வழி வரும் வம்சம். பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் உண்டு. கலியாணமானாலும் கந்தூரிச் சோறானாலும் குடிக்கு வேண்டியதை அவர் வாயால்தான் கேட்கவேண்டும். கூடைப்பந்துக்கும் அவர்தான் வாய் என்பது அபூசாலிக்கு முறையாகவே பட்டது. சைக்கிளைத் திருப்பச் சொன்னான்.

மரைக்கார் அச்சிமுகம்மது கூடைப்பந்தைக் கண்ணால் கண்டவரல்ல. அதைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவுமில்லை.

"ஜெமீல் எந்தக் குடி?" என்று மட்டும் கேட்டார்.

அபூசாலி சொன்னான். மரைக்காரின் முகம் சிவந்தது.

"நம்மட குடி குடுத்த போலைத்தானே அவனுகள்ட குடி கூடைக்குள்ள போட்டது? அப்ப அவனுகளுக்குப் பொன்னாடை, நமக்கு வெறுங்கையா?"

தான் கொடுத்த பந்துக்கு இவ்வளவு பெரிய பொருள் இருப்பது அபூசாலிக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வியாழனுக்குள்ள முடிச்சுத் தாறன், நீ போ," என்றார் மரைக்கார்.

வியாழனுக்குள் முடியவில்லை, பெருகியது. ஒரு குடி கேட்டது மற்றக் குடிகளின் காதுக்குப் போய், மரைக்கார்மார் வரிசையாகப் புடவைக்கடைக்கு வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் விசில் ஊதியவன் தங்கள் குடிப் பிள்ளை என்றார் ஒருவர். தங்கள் தென்னந்தோப்புக்குள் விழுந்த பந்துகளையெல்லாம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தோம் என்றார் இன்னொருவர். மேசனும் தன் பங்குக்கு வந்து நின்றான். விற்காமல் கிடந்த பொன்னாடைகள் கடையில் நிறைய இருந்ததால் மீராசாஹிபு எவரையும் ஏமாற்றவில்லை. செலவு கழகத்துக்கு.

வெள்ளிக்கிழமை அபூசாலி வெள்ளைச் சேர்ட் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். விசிலுக்கு ஒன்று போர்த்தார்கள். தோப்புக்கு ஒன்று. தூணுக்கு ஒன்று. பிறகு மைக் சொன்னது:

"ஜெமீல் அவர்களுக்குப் பந்தெறிந்து கொடுத்த குடிக்கு இப்போது பொன்னாடை."

அபூசாலி எழும்பினான். அவனுக்கு முன்னே மரைக்கார் அச்சிமுகம்மது மேடையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். குடிக்கு வருவதை மரைக்கார் கையேற்பதுதான் வழக்கம்.

"மரைக்கார், அது எனக்கு வந்ததல்லவா?" என்றான், அவர் இறங்கி வந்ததும்.

"நம்மட குடிக்குத்தானே மனே. எனக்குப் போட்டா உனக்குப் போட்ட மாதிரித்தான்," என்று அவர் பட்டுக்கரையைத் தடவிப் பார்த்தார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. சவூதியிலிருந்து லீவில் வந்த ஜெமீல், கறுப்புக் கண்ணாடியோடு மேடைக்குப் பின்னால் நின்றான். அபூசாலி அவன் கையைப் பிடித்தான்.

"மச்சான், என்னப் பத்தி மைக்கில ரெண்டு சொல்லு. உன்ட வாயால வந்தா ஊர் நம்பும்."

"இதென்ன பெரிய விசயமா? சொல்றன்."

சொன்னபடி சொன்னான். "அபூசாலி இல்லாட்டி இந்த ஜெமீல் இல்ல." அபூசாலி நெஞ்சை நிமிர்த்தினான். ஹாஜறாவின் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். "நான் எறிஞ்சு பழகக்குள்ள போல் வேலிக்கு அங்கால போய் விழும். பாவம், ஒரு நாளும் முகம் சுளிக்காமப் பொறுக்கிக்கொண்டு வந்து தருவான்."

கூட்டம் சிரித்தது. ஹாஜறாவின் தம்பி எழும்பி நின்று கைதட்டினான். அந்த இடத்திலேயே எடுபிடி 'போல் பொறுக்கி'யாகப் பதவி உயர்ந்தான். பொன்னாடையோடு வந்த மேசன், "கவலப்படாதீங்க தம்பி, எனக்கே இவ்வளவு வருசம் கழிச்சுத்தானே கிடைச்சிரிக்கி," என்று தட்டிக்கொடுத்தான். வலிக்கிற தோளில்.

திரும்பும்போதும் சாமித்தம்பிதான் மிதித்தான்.

"நன்றி கெட்ட ஊர் சாமி. போட்டவனத்தான் பாப்பானுகள். ஜெமீல் ஒருக்காலாவது திரும்பிப் பாத்தானா, தன்ட கைக்குப் போல் எங்கருந்து வருகுதெண்டு? கையை நீட்டினான், வந்திச்சு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். குடுக்கிறவனுக்கும் ஒரு முகம் இரிக்கெண்டு நினைக்கல்ல."

பாண்டிருப்பு வளைவில் சாமித்தம்பி பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"மச்சான், உன்ட கைக்கு எங்கருந்து வந்திச்சு?"

"என்னது?"

"போல்."

அபூசாலி வாயைத் திறந்தான். கூடைக்குக் கீழே ஆட்கள் இடிபட, நடுவிலிருந்து இரண்டு கைகள் பந்தைப் பறித்துத் தன் பக்கம் தள்ளுவது ஞாபகம் வந்தது. எத்தனையோ ஆட்டங்கள், அதே இரண்டு கைகள். முகம் ஞாபகத்தில் இல்லை. பார்த்தால்தானே இருக்கும். இப்போது அந்தக் கைகள் சைக்கிள் ஹாண்டிலில் இருந்தன.

சாமித்தம்பி மறுபடி மிதிக்கத் தொடங்கினான்.

"முழங்கைக் குத்து வாங்கி நான் புடிச்ச போலெல்லாம் உனக்குத்தான் மச்சான் தந்தன், நீ எனக்கு ஒரு போல் தரணும், இன்னும் தரல்ல."