ஆறு சேனல் ஒதுக்கீடு

தலைநகர் தில்லி எத்தனையோ மகத்தான கொள்முதல்களைக் கண்டிருக்கிறது. ஆனால் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் சங்கீத அபிவிருத்தி சபா ஒரு குட்டி ஆடியோ மிக்ஸர் வாங்கிய விதத்துக்கு அவையெல்லாம் உறை போடக் காணாது. சபாவின் செயலாளர், ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி என்ற முறையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

விஷயத்தைக் கிளப்பியவள் ரோஹிணி. துவாரகாவிலிருந்து மெட்ரோ மாறி வந்து பாடுகிற பெண். மெல்லிய குரல். போன வருஷம் எங்கள் பழைய பெட்டி 'கீ'யென்று வீறிட்டதில் அவள் பாடியது அவளுக்கே கேட்கவில்லை. நாற்பது பேர் உட்காரும் ஹாலுக்கு ஆறு சேனல் போதும், சேனலுக்கு ஒரு மைக், ஒரு கையில் தூக்கிவிடலாம் என்று மாடல் பெயரோடு எழுதிக் கொடுத்தாள்.

"இந்த வருஷமும் கேக்கலேன்னா இங்கே பாடறதையே நிறுத்திடுவேன் மாமா" என்றாள்.

அவசரமான விஷயத்தில் அவசரப்படலாமோ? உபகுழு அமைத்தோம். மூன்று கொட்டேஷன் வாங்கினோம். பதினோரு மாதம் ஆராய்ந்து, அவள் முதல் நாள் எழுதிக் கொடுத்த அதே பெட்டியை 'ஒருமனதாகக் கண்டுபிடித்தோம்'.

பெட்டி வந்த பிறகுதான் உண்மையான நிர்வாகம் ஆரம்பித்தது. தலைவர் வேதாந்தம் ஜாயின்ட் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேனல்களை எண்ணினார். சர்வீஸ் பூராவும் அரசு குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கை அல்லவா! சீனியாரிட்டிப்படி அலாட் பண்ணிவிடலாம் என்றார். முதல் சேனல் தலைவருக்கு. இரண்டாவது உபதலைவருக்கு. மூன்றாவது அடியேனுக்கு. நன்றியுரை சொல்லும் லட்சுமணன் வரை ஆறு நிர்வாகிகளுக்கு ஆறும் சரியாகப் போயிற்று.

"பாடறவாளுக்கு?" என்று கேட்டாள் ரோஹிணி.

"வெயிட்டிங் லிஸ்ட்ல நீதான்மா ஃபர்ஸ்ட். யாராவது காலி பண்ணினா ஒனக்குத்தான்" என்றார் தலைவர், பரிவோடு. வயலினும் மிருதங்கமும் அவளுக்குப் பின்னால்.

கச்சேரியன்று ஆறு உரைகளும் கணீரென்று கேட்டன. உரைகள் முடிந்தும் யாரும் மைக்கைக் காலி செய்யவில்லை. அலாட் ஆன இடத்தை விட்டுக்கொடுத்த வழக்கம் எங்கள் சர்வீஸில் கிடையாது. முன்வரிசையில் ஆளுக்கொரு மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ரோஹிணி மைக் இல்லாமல் பாடினாள். மிருதங்கம் அவளை விழுங்கிவிட்டது. அவள் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தபோது தலைவர் வாசலில் நின்ற போண்டாக்காரரிடம் திரும்பி ரகசியமாக, "பையா, போண்டா ரெடி ஹை க்யா?" என்று விசாரித்தார். கடைசி வரிசைவரை அட்சர சுத்தமாகக் கேட்டது.

முடிந்ததும் ரோஹிணி என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மிக்ஸர் நன்னாயிருக்கு மாமா" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மைக்கைக் கையிலிருந்து விடவில்லை. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வயலினும் மிருதங்கமும்கூட வரவில்லை.

இப்போது மாதாந்திரக் கூட்டங்களில் நாங்கள் ஆறு பேரும் மைக்கில்தான் பேசிக்கொள்கிறோம். எதிரே நாற்பது காலி நாற்காலிகள். துளி இரைச்சல் இல்லை. போன கூட்டத்தில் ஒரு பெருமைமிக்க தீர்மானம் நிறைவேறியது: 'வெயிட்டிங் லிஸ்ட் அடியோடு தீர்ந்துவிட்டது. இந்தச் சபாவில் பாட இனி ஒருவரும் பாக்கியில்லை.'

முன்மொழிந்தவன் நான்.