ஜாய்ஸுக்கு ஏற்ற கரை

மதிப்புக்குரிய மைத்துனர் வில்ஃப்ரெட் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஐரிஸ் இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் உங்கள் பேச்சைத் தட்டாத நார்மன் எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம். குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் தூண்டில் புழுக்களும் சுகம். அங்கே கடற்காற்றில் உங்கள் முழங்காலும் எட்னா அக்காவின் மூச்சிரைப்பும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேனை எடுத்து வந்து என் தூண்டில்கள், கைவலை, பெட்டி, பெரிய பச்சைக் குடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். விற்றாலும் சரி, யாருக்காவது கொடுத்தாலும் சரி. நான் மீன் பிடிப்பதை விட்டுவிட்டேன். இதைக் குடித்துவிட்டு எழுதவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

அடுத்த தெரு ஜாய்ஸைப் பற்றி கிறிஸ்துமஸ் அன்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், தினமும் காலையில் எனக்குச் செய்தித்தாள் வாங்கி வந்து தருகிறவர். "ஐரிஸ் போய் அஞ்சு வருஷம் ஆச்சு மாப்ள. அவ இருந்திருந்தா அவளே உன்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்டிருப்பா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த ஜாய்ஸை போர்ன்மத்தில் இருக்கும் அவருடைய மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். மாடியில் அறையெல்லாம் தயாராம். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் காலம் முழுக்க 'ஓட்டுநரோடு பேசாதீர்கள்' என்று பலகை மாட்டிய பஸ்ஸை ஓட்டியவன் நான், எனக்கு ஏது அந்த வாய்? அதனால் ஒரு யோசனை செய்தேன். ஜாய்ஸ் மீன் பிடிக்கப் பழகிவிட்டால், இந்த ஊர்த் தண்ணீரை விட்டுப் போக மனசு வராது. அதற்குச் சுகமான ஒரு இடம் கிடைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

புழுவைப் பார்த்து அலறுவார் என்று பயந்தேன். அவரோ டப்பாவைத் திறந்து விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, "முன்னூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சவ நார்மன், காலிஃபிளவர்ல இதைவிடக் கொழுத்ததெல்லாம் பாத்திருக்கேன்" என்றார். அவருக்குப் புரியாதது வேறு. "பிடிச்ச மீனை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். எடை பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவோம் என்றேன். "அப்ப எதுக்குப் பிடிக்கிறீங்க?" என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் கடலில் பிடித்து வறுத்துத் தின்கிற ஆள், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. "சும்மா பாக்குறதுக்குத்தான்" என்று சொல்லி வைத்தேன்.

முதலில் கால்வாய்க்குக் கூட்டிப் போனேன். மதகுக்குக் கீழே சமதரை, முட்டிவலிக்காரர்களுக்கு நல்லது, சின்னச் சின்ன மீன்கள் ஓயாமல் கொத்தும், புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டாது. ஆனால் அங்கே வீட்டுப் படகுகள் போகும் என்பதை நான் யோசித்தேனே தவிர, அவற்றில் மனிதர்கள் இருப்பார்கள் என்பதையும் ஜாய்ஸ் மனிதர்களைக் கண்டால் விடமாட்டார் என்பதையும் யோசிக்கவில்லை. வந்த ஒவ்வொரு படகுக்கும் காலை வணக்கம், எங்கிருந்து வருகிறீர்கள், அந்த நாய்க்கு என்ன வயசு. நான்காவது படகில் இருந்த கணவன் மனைவி தேநீர் குடிக்கக் கூப்பிட, இவர் தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போயே போய்விட்டார். இரண்டு கையிலும் இரண்டு தூண்டிலோடு தேர்த்திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவன் மாதிரி நான் நின்றேன். அடுத்த மதகு வரை போய்விட்டு நடந்தே திரும்பினார், கையில் கேக் துண்டு. "ரொம்ப நல்ல இடம் நார்மன்" என்றார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, படகே வராத இடம் வேண்டும் என்று, காசு கட்டிப் பிடிக்கிற பண்ணைக் குளத்துக்குப் போனோம். அங்கே உட்கார மரமேடை, கழிப்பறை, பன்றிக்கறி ரொட்டி விற்கும் கடை என்று சகல வசதியும் உண்டு. எங்கள் போதாத காலம், எதிர்க்கரையில் ஏதோ ஒரு சங்கத்தின் போட்டி. வரிசையாக ஆண்கள், ஒவ்வொருவர் முகமும் இழவு வீட்டில் முன்வரிசை. போட்டி நடக்கும்போது கரையில் தும்மக்கூடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். ஜாய்ஸ் அந்தப் பக்கம் பார்த்து, "பாவம், யார் தவறிட்டாங்க?" என்று கேட்டார், சமையற்கட்டில் அண்டா சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில். பத்துத் தலைகள் திரும்பின. ரொட்டி தின்பதற்காக அவர் தூண்டிலைத் தாங்கியில் வைத்த நேரம் பார்த்து ஒரு பெரிய கெண்டை இழுத்தது. தூண்டில் கழி மேடையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய், குளத்தைக் குறுக்கே கடந்து, போட்டிக்காரர்களின் தூண்டில் நரம்பையெல்லாம் ஒன்றோடொன்று பின்னிவிட்டுத்தான் நின்றது. "பாருங்க நார்மன், எல்லாருக்கும் மீன் மாட்டிருக்கு" என்று ஜாய்ஸ் கைதட்டினார். எங்களை மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார்கள். கட்டிய காசைத் திருப்பித் தந்தார்கள், மறுபடி வரவேண்டாம் என்ற நிபந்தனையோடு.

கடைசியாக எனக்கு நினைவு வந்தது பழைய செங்கல் சூளைக்கு மண் வெட்டி, இப்போது தண்ணீர் நிற்கிற பள்ளம். அல்லிக்கொடி படர்ந்து, ஆள் உயரத்துக்குக் கோரை வளர்ந்து, மனித நடமாட்டமே இல்லாத இடம். டென்ச் என்கிற பச்சை மீன் அங்கே உண்டு. ஆனால் அது லேசில் வாயைத் திறக்காது. ஒரு வாரம் தினமும் விடியும்போதே போய் ஒரே இடத்தில் தீனி போட்டுப் பழக்க வேண்டும். நான் டப்பா டப்பாவாக மக்காச்சோளம் வாங்கித் தினமும் காலையில் போய்த் தூவினேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தீனி போட்டு வைத்த இடத்தைப் பெற்ற தாயிடமும் சொல்லக்கூடாது என்பதுதானே நம் ஆட்களின் வேதம்? ஜாய்ஸிடமும் சொல்லவில்லை. அவர் செய்தித்தாளோடு வந்து கதவைத் தட்டும்போது நான் வீட்டில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் செய்தித்தாள் வாசற்படியில் கிடந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மீன் புத்தி எனக்குத் தெரியும் மச்சான், மனுஷ புத்திதான் தெரியாது.

நேற்றுக் காலை அவரைக் கூட்டிப் போனேன். வழியில் எதிரே வந்தவர்களுக்குக்கூட அவர் காலை வணக்கம் சொல்லவில்லை. நாங்கள் பள்ளத்துக்குள் இறங்கியதுதான் தாமதம், வாத்துகள் அத்தனையும் தண்ணீரிலிருந்து ஏறி ஓடி வந்து என் காலைச் சுற்றிக்கொண்டன. ஒன்று என் கோட்டுப் பையையே கொத்தியது. ஜாய்ஸ் வாத்துகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலையில எல்லாம் இங்கதான் வந்தீங்களா?"

"தீனி போட. உங்களுக்கு மீன் கிடைக்கணும்னு."

அவர் உட்கார்ந்துவிட்டார். "என்னைப் பாக்கப் பிடிக்காமத்தான் கிளம்பிப் போறீங்கன்னு நினைச்சேன்" என்றார். "நேத்துத்தான் மகளுக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொன்னேன். சனிக்கிழமை காரோட வர்றா."

மச்சான், உலகத்தில் வேறு எந்த ஆணாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். நான் சொன்னது, "மிதவையைப் பாருங்க." மிதவை உண்மையாகவே அமுங்கியது. நல்ல டென்ச். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரே இழுத்தார், நான் வலையில் வாங்கினேன். ஈரத் துணியில் வைத்து அந்தச் சிவப்புக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு அழகா இருக்க" என்று அதனிடம் சொல்லித் தண்ணீரில் விட்டார். எதற்குப் பிடிக்கிறோம் என்று அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வேனைக் கொண்டு வாருங்கள். இனிமேல் எந்தக் கரையில் உட்கார்ந்தாலும் எனக்குப் பக்கத்து இடம்தான் கண்ணில் படும். எட்னா அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்தார் எல்லாரும் சளி காய்ச்சல் இல்லாமல் நீண்ட காலம் வாழ ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
நார்மன்

பின்குறிப்பு: வேன் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடப் போனபோது தெருமுனையில் ஜாய்ஸ் வந்தார். யாருக்குக் கடிதம் என்றார். மச்சானுக்கு, தூண்டிலையெல்லாம் எடுத்துப் போகச் சொல்லி என்றேன். "ஏன்?" என்றார். "நீங்க போறீங்களே" என்றேன். "அதெல்லாம் ஒரு காரணமா?" என்றார். "அது ஒண்ணுதான் காரணம்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அவர் என் கோட்டுப் பையைப் பார்த்தார். பிறகு, "சில்லறை இருக்கா?" என்று கேட்டார். நான் பையிலிருந்ததை அள்ளி நீட்டினேன். ஈயக் குண்டுகளுக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவிலிருந்து காசை மட்டும் பொறுக்கிக்கொண்டு, தபால்பெட்டிக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். வீட்டில் அவருக்குத் தொலைபேசி இருக்கிறது, பத்து வீடு நடக்கப் பொறுமை இல்லை. நான் வெளியே நின்றேன். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார், என்னைக் கைகாட்டிக் காட்டிப் பேசினார். பிறகு கதவைத் திறந்து தலையை நீட்டி, "இன்னொரு காசு குடுங்க. மக உங்ககிட்டப் பேசணுமாம்" என்றார்.

"எனக்குப் பேச வராதுன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன். அதை உங்க வாயால கேக்கணுமாம்."