பேர் மட்டும் சொல்ல மாட்டேன்

மனிதர்களில் பேர்சொல்லார் என்று ஓர் இனம் உண்டு. அகராதியில் தேடாதீர்கள், நான் வைத்த பெயர்தான். அடுத்தவர் ரகசியத்தை உங்கள் காதில் கொட்டுவதற்கு முன்னால் நாற்காலியை அரையடி நெருக்கி இழுத்து, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பேரைச் சொல்ல மாட்டேன், அது தப்பு" என்று ஆரம்பிப்பார்கள். பிறகு அந்த ஆள் குடியிருக்கும் தெரு, பார்க்கும் வேலை, ஓட்டும் வண்டியின் நிறம், அவருடைய மைத்துனர் கடை வைத்திருக்கும் முனை என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்து, பேரைச் சொல்லாத புண்ணியத்தோடு எழுந்து போவார்கள்.

முடிவெட்டும் கடையில் இந்த இனம் உண்டு. வங்கியில் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்டில் சர்வ சாதாரணம். ஆனால் நான் பார்த்ததிலேயே கொழுத்தவர் எங்கே இருந்தார் தெரியுமா? ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மருத்துவ நெறிமுறைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார்.

அவர் நரம்பு டாக்டர். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நடக்கச் சிரமப்படும் நோயாளி வந்தால் தானே எழுந்து போய்க் கதவைத் திறப்பார். நோயாளி பேசினால் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். அவ்வளவு கவனமாகக் கேட்டால்தானே அவ்வளவு அழகாகத் திருப்பிச் சொல்ல முடியும்?

நான் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். டாக்டர், நர்ஸ், லேப்காரர், நான் என்று எல்லோரும் வருஷாவருஷம் இந்தப் பயிற்சியில் உட்கார்ந்தாக வேண்டும். ஏ.சி. காற்று நேராக மூஞ்சியில் அடிக்காத இடம் பார்த்து, செல்போனை மடியில் மறைத்துவைத்து, கண்ணை மட்டும் திறந்தபடி தூங்குவதில் நாங்கள் எல்லோருமே தேர்ந்தவர்கள். அந்த வருஷத் தலைப்பு 'நோயாளியின் ரகசியம் காத்தல்'.

"நோயாளி நம்மகிட்ட சொல்றது நம்மளோடயே மண்ணுக்குள்ள போகணும்" என்றார் டாக்டர். முன்வரிசை குறிப்பு எடுத்தது. "சும்மா தத்துவமாச் சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும். ஒரு உதாரணம் சொல்றேன். பேர் மட்டும் சொல்ல மாட்டேன்."

பின்வரிசையில் செல்போன்கள் அணைந்தன.

"ஒரு கணக்கு வாத்தியார். பொண்ணுங்க ஸ்கூல்ல. இடது கைக்காரர். போர்டுல ஒரே இழுப்புல வட்டம் போடுவாராம், காம்பஸ் வெச்சாக்கூட அப்படி வராதாம்."

அங்கே இருந்த நர்ஸ்களில் பாதிப் பேர் அந்த வட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து கணக்கில் கோட்டை விட்டவர்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"அந்தக் கை இப்ப நடுங்குது. நடுக்குவாதம். வட்டம் போட்டா கத்திரிக்காயா வருதுன்னு அவரே சொல்லிச் சிரிச்சார், பாவம். ஸ்கூல்ல தோள்பட்டை வலின்னு சொல்லிப் பிள்ளைங்களை விட்டே எழுத வைக்கிறார். வீட்லயும் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதை அவர் மைக்கில் சொன்னார்.

நடுவரிசையில் ஒரு கை உயர்ந்தது. எங்கள் பிசியோதெரபிஸ்ட் பெண். விழுந்து எழுந்தவர்களைக் கைபிடித்து நடக்கப் பழக்குபவள். என்னை அண்ணா என்பாள், நாள் முழுக்கக் கலகலவென்று பேசுவாள். அன்று அந்தக் கலகலப்பு இல்லை.

"சார், அவர் ஏன் வீட்ல சொல்லலை?"

"அருமையான கேள்வி!" டாக்டரின் முகம் மலர்ந்தது. வகுப்பில் ஒருவர் கேள்வி கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! "சம்சாரம் இல்லை. ஒரே பொண்ணு. மேல்படிப்புக்கு வெளிநாட்டுல இடம் கிடைச்சிருக்கு. தெரிஞ்சா போகாம நின்னுடுமேன்னு மனுஷன் மறைக்கிறார். 'அவ விமானம் ஏறட்டும் டாக்டர், அப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இப்ப நீங்க சொல்லுங்க. நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாமா?"

"கூடாது சார்!" என்று முன்வரிசை ஒரே குரலில் பாடியது.

"சொல்லிட்டீங்களே சார்" என்றாள் அவள். "அந்தப் பொண்ணு நான்தான்."

வாத்தியார் டாக்டரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை, அவருடைய சொந்த கிளினிக்கில். மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊரில் இத்தனை நரம்பு டாக்டர் இருக்க, இவரை ஏன் தேடிப் போனாராம்? ரகசியம் காப்பதற்கே வகுப்பு எடுக்கிற ஆள் என்று கேள்விப்பட்டுத்தான்.

டாக்டர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "இங்க பேசினது எதுவும் இந்த அறையைத் தாண்டக் கூடாது" என்று சொல்லி டீ இடைவேளை விட்டார். டீ ஆறுவதற்குள் விஷயம் கேண்டீன், எக்ஸ்ரே அறை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் மருந்துக் கவுன்டருக்கே திரும்பி வந்தது. வரும்போது வாத்தியாருக்கு இரண்டு கையும் போய்விட்டிருந்தது.

அவள் வீட்டுக்குப் போனபோது அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வலது கையால்.

"அந்தக் கையைக் காட்டுங்கப்பா."

அவர் காட்டவில்லை. "யார் சொன்னா?" என்றார்.

"ரகசியத்தைக் காப்பாத்துறது எப்படின்னு கிளாஸ் எடுத்தாங்கப்பா. அதுல சொன்னாங்க."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பார்த்துட்டிருந்தேன்மா. நீ பயப்படாத மாதிரி, நான் அழாத மாதிரி. எல்லாம் தயாரா இருந்துச்சு. அதை அந்த ஆளு பேசித் தீர்த்துட்டாரே" என்றார். வியாதி வந்ததற்குக்கூட அவர் அவ்வளவு வருத்தப்பட்டதில்லையாம்.

அவள் போக மாட்டேன் என்றாள். "என் கைதானே நடுங்குது, உன் காலு ஏன் நிக்குது?" என்று அவர் கத்தினார். பல நாள் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வருஷ இடம் போயிற்று. அடுத்த வருஷம் கட்டாயம் போவது என்றும், அதுவரை தினமும் மகள் சொல்லிக் கொடுக்கிற பயிற்சியை முணுமுணுக்காமல் செய்வது என்றும் ஒருவழியாகச் சமாதானம் ஆனார்கள். பள்ளியில் வாத்தியார் தானே எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வியாதியின் பேரோடு.

டாக்டர் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனார். மனம் உருகித்தான் போனார், அதில் சந்தேகமில்லை. வாத்தியார் என்ன சொன்னார், மகள் எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பதையெல்லாம் மறுநாள் கேண்டீனில் உருகி உருகிச் சொன்னார். பேர் சொல்லவில்லை.

அவள் புகார் கொடுத்தாள். ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழு கூடியது. டாக்டர் மறுபடி நெறிமுறைப் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சியை நடத்தத் தகுதி பெற்றவர் ஒரே ஒருவர்தான். அவர் தனக்குத் தானே நடத்தி, தானே வருகை போட்டு, நன்றாகத் தேறிவிட்டதாகத் தானே சான்றும் கொடுத்தார். அடுத்த வருஷ வகுப்பில் மைக்கைப் பிடித்து ஆரம்பித்தார்: "ஒரு டாக்டர் இருந்தார். நரம்பு டாக்டர். தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். பேர் மட்டும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்குள் நடந்ததெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பெண்ணே சொன்னாள். "உங்களோட இருக்கட்டும் அண்ணா" என்றுதான் சொன்னாள். அப்படியே வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் பேர் இல்லாமல். என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நரம்பு டாக்டர் என்ற வார்த்தை கண்ணில் பட்டதிலிருந்து, அது எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆள் என்று மனசுக்குள் வலை வீசிக்கொண்டிருப்பது யார்? ஆள் கிடைத்தாரோ இல்லையோ, இதைப் போய் யாரிடம் சொல்வது என்பதை மட்டும் இதற்குள் முடிவு செய்திருப்பீர்கள்.