முட்டியில் போட்ட கோலம்

பெற்றவள் காலில் விழுவது நல்ல பழக்கம்தான். கையில் மார்க்கர் பேனாவோடு விழக் கூடாது. இது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

அம்மா பள்ளி ஆசிரியை. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில். படி இறங்கும்போதெல்லாம் அவள் முட்டி "கறுக்" என்னும். ஆறு மாதம் கெஞ்சியபின், "ஆபரேஷன்னு ஒரு வார்த்தை வந்தாலும் எழுந்து வந்துடுவேன்" என்ற நிபந்தனையோடு டாக்டரிடம் வரச் சம்மதித்தாள்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். வெறுங்கையோடு போவேனா? முந்தின நாளே படித்து, டாக்டரிடம் கேட்க மூன்று பக்கக் கேள்விப் பட்டியல் தயார். தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. முட்டிச்சில்லு அதற்குள் நேராக ஓட வேண்டும். காலின் அமைப்பு கோணலானால் சில்லு வெளிப்பக்கம் இழுபட்டு அந்த ஓரம் தேயும். (அலைன்மென்ட் போன வண்டியின் டயர் ஒரு பக்கமாகத் தேயுமே, அதேதான்.) ஆகவே கோணத்தை அளந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது என்று நினைத்தேன். சோபாவில் காலை மடக்கி சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் இரண்டு முட்டியிலும், தகட்டில் குறிக்கும் அழியாத மார்க்கரால் புள்ளி, கோடு, அம்புக்குறி எல்லாம் போட்டேன்.

"என்னடி, மேப் டிராயிங்கா?"

"ஆடாதம்மா."

மறுநாள் குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரி. நான் எக்ஸ்ரே வாங்கப் போன நேரத்தில் அம்மா புடவையைச் சற்றே தூக்கி முட்டியைத் தேய்த்திருக்கிறாள். நர்ஸ் பார்த்துவிட்டார்.

"ஆபரேஷனுக்கு மார்க் பண்ணியாச்சா! ஆபரேஷன் கேஸ் இங்க ஏம்மா உக்காந்திருக்கீங்க? வாங்க, டிரஸ் மாத்தணும்."

நான் திரும்பி வந்தபோது நாற்காலியில் பச்சை கவுன் மட்டும் இருந்தது. அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். படிக்கு ஒரு கறுக்.

"அம்மா, நில்லு!"

"பேசாத. ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்ச மாதிரி, கோடு போட்டுல்ல கூட்டிட்டு வந்திருக்க!"

கண் கலங்கியிருந்தது. வலியாலா, என்னாலா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.

"அது நான் போட்ட கோடும்மா. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

கொஞ்ச நேரம் கழித்து, மேலே ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா முட்டிகளை நிதானமாகப் பார்த்தார். "யார் போட்டது?"

"நான்தான் டாக்டர்."

"கால மடக்கி வச்சு அளந்தீங்களா?"

"ஆமா."

"நீட்டி வச்சுல்ல அளக்கணும். அப்ப இது கோணம் இல்லம்மா. கோலம்."

பிறகு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "சில்லு கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. அந்த ஓரத்துல தேய்மானம்" என்றார். நான் பட்டியலைப் பிரிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பாண்டி ஆட்டத்துல எறியுற சில்லு கோட்டுல விழுந்தா அவுட்டு. எனக்குக் கோட்டுல விழுந்துடுச்சா டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கோட்டை ஒட்டி நிக்குதும்மா. இன்னும் அவுட் ஆகல. தொடைத் தசைக்குப் பயிற்சி பண்ணுங்க. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்."

(மூன்று பக்கத்தில் நான் எழுதியதை அம்மா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.)

மார்க்கர் அழிய ஒன்பது நாளாயிற்று. வலி குறையப் பல மாதம். இன்றும் காலையில் அம்மா கட்டிலில் காலை நீட்டித் தூக்கி எண்ணுவாள். பக்கத்தில் நான் மளிகைப் பட்டியல் எழுதப் பேனாவைத் திறந்தால் போதும், எண்ணுவதை நிறுத்திப் புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"பேப்பர்ல மட்டும் எழுதுடி."